பெட்டியில் வந்த ஓநாய்: செக்கோவின் ஆரம்பகால நடைச்சித்திரம் ஒன்று பற்றி

அன்ரன் செக்கோவ் என்றதும் எமது இலக்கிய மாணவர்களின் நினைவுக்கு வருவன ‘ஆறாம் வார்ட்’, ‘நாயுடன் சீமாட்டி’, ‘செரிப் பழத் தோட்டம்’ முதலாய ஆக்கங்களே. மொஸ்கோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் மாணவராயிருந்த காலத்தில், குடும்பத்தின் வறுமையைப் போக்கும் பொருட்டு, அந்தோஷா செக்கொந்தே என்ற புனைபெயரில் அவர் நகைச்சுவைச் சஞ்சிகைகளுக்கு எழுதிக் குவித்தவற்றைப் பயிற்சிக் கால எழுத்துக்கள் என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர் பலரின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அவற்றுள் ஒதுக்கத்தக்கன பல உள என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1882 ஆம் ஆண்டில் ‘மொஸ்கோ’ என்னும் சஞ்சிகையில் வெளியான ‘ஓநாய் விடும் களத்தில்’ என்ற சிறிய நடைச்சித்திரத்தை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. வேட்டை நாய்களைப் பழக்குவதற்கும் பரீட்சிப்பதற்கும் காட்டு விலங்குகளை அடைப்புக்குள் விடும் வழக்கம் பற்றி இன்று பல நாடுகளிலே நிகழ்ந்து வரும் வாதங்களின் மையப்பொருளை, இருபத்திரண்டு வயது நிரம்பாத ஒரு மாணவன் சில பக்கங்களுக்குள்ளே தொட்டுக் காட்டியிருக்கிறான். தொட்ட இடத்தில் தவறியும் இருக்கிறான் என்பது எமது கருத்து. அந்தத் தவறும் நோக்கத்தக்கதே.

நிகழ்ச்சி எளிமையானது. அவ்வாண்டு ஜனவரி 6 ஆம் திகதி, புதன்கிழமை, மொஸ்கோ நகரின் குதிரைப் பந்தயத் திடலில் மக்கள் கூடியிருக்கின்றனர். ரஷ்யத் திருச்சபையின் பஞ்சாங்கப்படி அது ஒரு பெருந்திருநாள். ஓநாய்கள் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கொண்டுவரப்படுகின்றன. பெட்டி திறக்கப்படுகிறது. வெளிச்சத்தில் நிலைதடுமாறி நிற்கும் விலங்கின் மீது பொர்ஸோய் எனப்படும் நெடிய வேட்டை நாய்கள் ஏவப்படுகின்றன. நாய்கள் பற்றிக் கொண்டதும் வேட்டைக்காரன் ஒருவன் கத்தியால் கதையை முடிக்கிறான். அடுத்த பெட்டி. பார்வையாளரிடையே பெண்களும் இருக்கின்றனர், பாடசாலைச் சிறுவரும் இருக்கின்றனர். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று சொல்வதை நம்பவேண்டாம் என வாசகரை எச்சரிக்கும் தொனியிலேயே செக்கோவ் தமது சித்திரத்தைத் தொடங்குகிறார். நகைச்சுவைச் சஞ்சிகைக்குரிய ஏளனம் ஆரம்பத்தில் உண்டு. போகப் போக அந்த ஏளனத்தைப் பேணுவது எழுதுபவனுக்கே இயலாது போகின்றமையை நாம் காண்கிறோம்.

இக்காட்சிக்கு ரஷ்ய வேட்டைக்காரர் இட்ட பெயர் ஸாத்கா. அதன் வெளிப்படையான நோக்கம் கேளிக்கையன்று, நாய்களைப் பரீட்சித்தலாகும். முயலின்மேல் விடும்போது நாயின் வேகம் அளக்கப்படும். ஓநாயின்மேல் விடும்போது அதன் ‘ஸ்லோபா’ அளக்கப்படும். இச்சொல் சிந்தனைக்குரியது. சாதாரண ரஷ்ய வழக்கில் ஸ்லோபா என்பது வன்மம், குரோதம், தீய சினம் என்ற பொருள் தருவது. மனிதனிடத்தே காணப்படின் பாவம் எனக் கருதப்படும் அக்குணம், நாயினிடத்தே காணப்படின் பரிசுக்குரிய சிறப்பாகிறது. தோல்ஸ்தோயின் சீடரான விளாதிமிர் செர்த்கோவ் 1890 இல் வேட்டையை எதிர்த்து எழுதிய சிறு நூலுக்கு ‘ஸ்லாயா ஸபாவா’, அதாவது ‘கொடிய கேளிக்கை’ என்று தலைப்பிட்டபோது அதே வேர்ச்சொல்லையே எடுத்தாண்டார். நாயிடம் தேடப்பட்ட குணத்தின் பெயர் எசமானிடம் திரும்பி வந்தது. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் தோல்ஸ்தோய். ஜேர்மனிய வேட்டைக்காரர் இதே பண்பைக் ‘கூர்மை’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் மூன்றாம் பிரிவில், உயிருள்ள இன்னொரு விலங்கின்மேல் விட்டு ஒரு விலங்கின் கூர்மையைப் பழக்குவதையும் பரீட்சிப்பதையும் விலக்குகின்றது. தொழிற்சொல்லையே எடுத்துச் சட்டம் அதனைத் தடைசெய்திருப்பது கவனிக்கற்பாலது.

இனிச் செக்கோவின் வாதத்துக்கு வருவோம். இந்தப் போலி வேட்டையை நடத்தியதன் மூலம் மனிதன் ஓநாய்களின் முன்னிலையில் மெய்யாகவே தலைகுனிந்துவிட்டான் என்பது அவரது தீர்ப்பு. புல்வெளியிலும் காட்டிலும் நடைபெறும் வேட்டை வேறு என்கிறார். அங்கே ஓநாய் ஓடலாம், எதிர்த்து நிற்கலாம். சமமான போராட்டத்துக்கு இடமிருப்பதால் மனிதனின் இரத்த வேட்கையைச் சற்றே மன்னிக்கலாம் என்பது அவரது கருத்து. பெட்டியிலிருந்து திறந்துவிடப்படும் ஓநாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

வேட்டை அறம் பற்றிப் பேசுவோர் இன்றுவரை நிற்கும் நிலைக்களம் இதுவே. விலங்குக்குத் தப்பிச் செல்லும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பதை வேட்டைக்காரரே தமது நெறியாகக் கூறி வந்துள்ளனர். அந்நெறியை அவர்களுக்கே எதிராகத் திருப்பி, வேலியிட்ட மறுகணமே உங்கள் நியாயம் வெளியேறிவிட்டது என்று காட்டுவதில் செக்கோவ் வெற்றி பெறுகிறார். விலங்குகளிடம் பரிவற்ற ஒருவரும் இவ்வாதத்தை ஏற்கவேண்டியிருக்கும் என்பது இதன் வலிமை. பிராணிகளின் உரிமை என்ற கோட்பாடு எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் ‘சமமான போராட்டம்’ எங்கே நிகழ்ந்தது? ‘போரும் சமாதானமும்’ நாவலின் இரண்டாம் தொகுதியிலே, 1810 ஆம் ஆண்டின் செப்ரெம்பர் மாதத்தில் ரொஸ்தோவ் குடும்பத்தார் செல்லும் ஓநாய் வேட்டையை நினைவுகூர்வோம். உலக இலக்கியத்திலேயே மிகச் சிறந்த வேட்டைச் சித்திரிப்பு எனப் பலராலும் போற்றப்படுவது அது. தோல்ஸ்தோய் கணக்குப்பிள்ளையின் துல்லியத்துடன் எண்ணிக்கை தருகிறார்: மோப்ப நாய்கள் 54, பொர்ஸோய் நாய்கள் நாற்பதுக்கு மேல், எசமானர்களின் நாய்களையும் சேர்த்து ஏறத்தாழ 130 நாய்கள், குதிரையேறிய வேட்டைக்காரர் 20 பேர். இவர்கள் சூழ்ந்து நிற்கும் வனத்துண்டிலிருந்து வெளியே ஓடிவரும் ஒரு கிழ ஓநாய்க்கும் இவர்களுக்கும் இடையிலான போராட்டத்தைச் சமமானது என்று கூற முடியுமா? வேலி மரத்தாலானதாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. பண்ணையடிமைகளாலும் நாய்களாலும் அதனை அமைக்கலாம். நிலப்பிரபு அவ்வாறே அமைத்தான்.

அக்காட்சியின் முடிவு இன்னும் முக்கியமானது. நாய்கள் பற்றிய ஓநாயைக் கத்தியால் குத்த நிக்கலாய் ரொஸ்தோவ் முனைகிறான். தனது வாழ்வின் மிக இன்பமான கணம் அதுவென அவன் உணர்வதாகத் தோல்ஸ்தோய் எழுதுகிறார். அப்போது தனிலோ என்ற வேட்டையாள் குறுக்கிட்டுத் தடுக்கிறான். ஓநாயைக் கொல்வதில்லை, உயிருடன் கட்டுவோம் என்கிறான். வாயிலே தடி கொடுத்துக் கால்களைப் பிணைத்து அதனைக் குதிரை மீது ஏற்றுகின்றனர். எல்லோரும் வந்து பார்க்கின்றனர். முதிய பிரபுவும் வந்து தொட்டுப் பார்க்கிறார். தன்னைச் சுற்றியுள்ள மனிதரையும் நாய்களையும் அந்த விலங்கு கண்ணாடி போன்ற விழிகளால் நோக்குகின்றது. அதற்குப் பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதில் நாவல் அக்கறை கொள்வதில்லை. ஆனால் ஓநாயை உயிருடன் கட்டும் கலையைக் கற்று வைத்திருந்த ஒரு வேட்டைமுறையிலிருந்து ஸாத்காவின் மரப்பெட்டிக்கு உள்ள தூரம் அதிகமில்லை. பெட்டிகளை நிரப்பியோர் தனிலோவைப் போன்ற கைதேர்ந்தவர்களே. திறந்தவெளி வேட்டையை நியாயமானதென்றும் அடைப்பு வேட்டையை இழிவானதென்றும் செக்கோவ் பிரித்துக் காட்டிய கோடு, தோல்ஸ்தோயின் பக்கங்களில் அழிந்துவிடுகிறது. இதில் வியப்பு யாதெனில், அப்பக்கங்களை எழுதிய காலத்தில் தோல்ஸ்தோய் வேட்டையை நேசித்தார் என்பதாகும். 1858 டிசெம்பரில் கரடியொன்றால் கடியுண்டும் அவர் வேட்டையை விட்டாரில்லை. அதைக் கைவிட்டது பின்னாளில்தான். கண்டதைக் கண்டவாறு எழுதும் கை, எழுதியவனின் விருப்பையும் மீறி உண்மை கூறும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

சமூகப் பின்னணியையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1861 இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதன் பின்னர், நூற்றுக்கணக்கான நாய்களையும் அவற்றைப் பராமரிக்கும் ஆட்களையும் வைத்துக்கொள்ளும் வசதி நிலப்பிரபுக்களிடம் குன்றியது. வேட்டை நகரத்துக் கழகங்களின் கைக்கு மாறிற்று. 1872 இல் மொஸ்கோவில் அமைந்த பேரரசு வேட்டைக் கழகம் இம்மாற்றத்தின் அடையாளமாகும். மைல் கணக்கில் விரிந்த பண்ணை நிலம் இல்லாதவனுக்கு ஓநாயைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து கொடுக்கவேண்டியிருந்தது. நிலமானிய வேட்டையின் ஆடம்பரம் கழன்றுபோக, அதன் எலும்புக்கூடு மட்டும் பந்தயத் திடலுக்கு வந்தது என்று கூறலாம். செக்கோவ் அருவருத்தது அந்த எலும்புக்கூட்டை. தோலும் தசையும் இருந்த காலத்திலும் உள்ளே இருந்தது அதே எலும்புதான் என்பதை இருபத்தொரு வயதில் அவர் காணவில்லை.

பிற்காலத்தில் கண்டார். 1892 ஏப்ரிலில் ஓவியர் லெவித்தானுடன் வேட்டைக்குச் சென்றபோது, லெவித்தான் சுட்டுக் காயப்படுத்திய பறவையொன்றைக் கொல்லும் பணி செக்கோவின் கையில் விழுந்தது. சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் அழகிய உயிரொன்று குறைந்ததையும், இரு மூடர்கள் வீடு திரும்பி உணவருந்த அமர்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அங்கே வேலி இல்லை, பெட்டி இல்லை, பறவைக்குச் சிறகும் இருந்தது. மன்னிப்பு மட்டும் இல்லை.

நடைச்சித்திரத்தின் மறுபாதி பார்வையாளரைப் பற்றியது. கரடியை நாய்கள் கடித்துக் குதறும் விளையாட்டைத் தூய்மைவாதிகள் வெறுத்தது கரடியின் வேதனைக்காகவன்று, பார்ப்போரின் மகிழ்ச்சிக்காகவே என்று மெக்காலே செய்த ஏளனம் ஆங்கில இலக்கியம் பயில்வோர் அறிந்ததே. இங்கிலாந்தில் அவ்விளையாட்டு 1835 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தது. மெக்காலேயின் ஏளனத்தைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவது எளிது. செக்கோவைப் படித்தபின் அவ்வாறு கடக்க முடியவில்லை. வேதனையையும் மகிழ்ச்சியையும் ஒன்றாகவே அவர் காண்கிறார். ஆசன வரிசைகளிலே சிறுவர்களைக் காட்டும்போது அவர் எழுப்பும் வினா வெளிப்படை: களத்தில் நாய் பழக்கப்படுகிறது, ஆசனத்தில் பழக்கப்படுவது யார்?

இக்கட்டுரை ஒருபக்கச் சார்பானது என்ற குற்றச்சாட்டுக்கு இடமளிக்காதிருக்க, எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தையும் கூறவேண்டும். பழக்கமற்ற நாயைக் காட்டுக்குக் கொண்டு சென்றால் காட்டுப்பன்றி அதன் வயிற்றைக் கிழித்துவிடும். பழக்கமற்ற நாய் குண்டடிபட்ட விலங்கைத் தேடிப் பிடிக்கத் தவறும். அவ்விலங்கு புதரிலும் நாணலிலும் கிடந்து நாட்கணக்கில் சாகும். ஆகவே அடைப்பினுள் ஒரு விலங்கு சிறிது நேரம் அஞ்சுவதனால் வெளியே பல விலங்குகளின் துன்பம் குறைகிறது என்பது அவ்வாதம். ஜேர்மனியில் பறக்க இயலாதவாறு செய்யப்பட்ட உயிர் வாத்துக்களைக் கொண்டு நாய்களைப் பழக்குவோர் கூறும் நியாயமும் இதுவே. இதனைப் போலி வாதமென்று தள்ளிவிட முடியாது. எனினும் இக்கணக்கில் கடன்காரன் யார் என்பதைப் பார்க்கவேண்டும். காயப்பட்டுக் கிடக்கும் வாத்தின் துன்பம் இயற்கையாக வந்ததன்று, சுட்டவன் உண்டாக்கியது. தான் நாளை உண்டாக்கப்போகும் துன்பத்தைக் குறைக்கும் பொருட்டு இன்று வேறொரு விலங்கை முற்பணமாகச் செலுத்துகிறான். இரண்டு செலவும் விலங்கின் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன. வேட்டை தவிர்க்கமுடியாத உணவுத் தேவையாக இருக்கும் சமுதாயத்தில் இக்கணக்கு வேறுவிதமாக அமையலாம். பந்தயத் திடலில் அமையாது.

இன்றைய அடைப்புக்களைப் பற்றி நீளமாகக் கூறவேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நரியையும் கொயோட்டி எனப்படும் ஓநாயின விலங்கையும் பொறிவைத்துப் பிடித்து, விலைக்கு வாங்கி, வேலியிட்ட பெருநிலத்தில் விட்டு, நாய்க் கூட்டங்களை ஏவும் வழக்கம் உண்டு. நாய்களுக்குப் புள்ளி வழங்கிப் போட்டியும் நடத்துவர். 1994 இல் ரெக்சாஸ் பகுதிக் கொயோட்டிகளிடம் காணப்பட்ட விசர்நோய் வகை புளோரிடாவில் நாய்களிடையே தோன்றியபோது, இவ்வாறான விலங்கு வியாபாரத்தின் ஆபத்து வெளிப்பட்டது. புளோரிடா 2010 இல் இவ்வடைப்புக்களை விலக்கியது. வேர்ஜீனியா 2014 இல் புதிய அனுமதிகளை நிறுத்தி, இருப்பவை நாற்பது ஆண்டுகள் தொடர இடமளித்தது. அந்த நாற்பது ஆண்டுகளைக் கருணை என்பதா, சலுகை என்பதா என்பது அங்கே கூண்டிலிருப்பது யார் என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவில் ஸாத்காவின் வழித்தோன்றலான பிரித்ராவ்கா நிலையங்கள் நெடுங்காலம் நீடித்தன. நகங்கள் களையப்பட்ட கரடிகளும் சங்கிலியிட்ட விலங்குகளும் அங்கே நாய்களின் முன் நிறுத்தப்பட்டன. நாயும் விலங்கும் ஒன்றையொன்று தொடும் பயிற்சியை அந்நாட்டுச் சட்டமன்றம் 2018 டிசெம்பரில் விலக்கியது. செக்கோவின் சித்திரம் வெளியாகி அப்போது 136 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஜேர்மனியில் வளைக்குள் புகும் சிறு நாய்களைப் பழக்கும் செயற்கைச் சுரங்கங்களில் நரிக்கும் நாய்க்கும் இடையே தடுப்பு இடப்படுகின்றது. பல் படாதபடியால் கொடுமை நீங்கிற்று என்பர். நீங்கியது ஒரு பகுதிதான். தப்பும் வழியறியாத நரிக்குத் தடுப்பின் உறுதியைப் பற்றிய அறிவு இல்லை. ஆயினும் இத்தடுப்பு ஒரு சான்றையும் வழங்குகிறது. தொடாமலே நாய் பழகிவிடுமாயின், தொட்டுக் கடித்துக் குதறவிட்ட அத்தனை ஆண்டுகளிலும் நிகழ்ந்தது பயிற்சிதானா? ஸாத்காவில் கத்தியுடன் காத்து நின்றவன் எந்த நாய்க்கு எதைக் கற்பித்தான்?

செக்கோவுக்கு அடைபட்ட விலங்குகளோடு இருந்த தொடர்பில் எம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்குண்டு. சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890 நவம்பரில் கொழும்பில் தங்கிய அவர், இங்கிருந்து கீரிப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டு சென்றார். கீரி என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்று உண்மையில் மரநாய் என்பது பின்னரே தெரியவந்தது. கொழும்பு வியாபாரிகளின் சாமர்த்தியம் பழமையானது போலும்! மறுஆண்டில் மொஸ்கோ விலங்குக் காட்சிச்சாலையின் சீர்கேட்டைக் கண்டித்து அவர் பத்திரிகையில் எழுதினார். 1892 ஜனவரியில், வீட்டில் வைத்திருக்க இயலாத நிலையில், எமது கீரி அதே காட்சிச்சாலைக்கு வழங்கப்பட்டது. செக்கோவை அறவாணராக மட்டும் சித்திரிக்க விரும்புவோர் இதனையும் சேர்த்தே சித்திரிக்கவேண்டும்.

ஸாத்காவுக்கு அவர் அளித்த உண்மையான மறுமொழி 1895 இல் வெளியான ‘வெண்ணெற்றி’ என்ற கதையே என்பது எமது துணிபு. சிறுவர் கதையாகக் கருதப்படுவதால் இது பெரிதும் ஆராயப்படவில்லை. பலவீனமான, எதற்கும் அஞ்சும் தாய் ஓநாயொன்று பசியோடு புறப்பட்டு, பனிமேட்டின் வழியாகத் தொழுவத்தின் கூரையேறி, ஆட்டுக்குட்டி என்று எண்ணி நெற்றியில் வெள்ளைப் புள்ளியுள்ள ஒரு நாய்க்குட்டியைக் கவ்விக்கொண்டு வந்துவிடுகிறது. வழியில் அதை விட்டுவிட, குட்டி தானாகவே பின்தொடர்ந்து ஓநாயின் வளைக்கு வந்து ஓநாய்க் குட்டிகளோடு விளையாடுகிறது. தன் பிள்ளைகள் அதைத் துரத்துவதையும் உருட்டுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், அவை பழகிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பந்தயத் திடலில் நடந்தது இங்கே தலைகீழாக நடக்கின்றது. அங்கே ஓநாயின்மேல் நாய் பழக்கப்பட்டது. இங்கே நாயின்மேல் ஓநாய்க் குட்டிகள் பழகுகின்றன. அங்கே பழக்கியவர்களுக்குப் பசியில்லை. இங்கே பழக்குபவளுக்குப் பசியைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் பனிவெளியில் அடைப்பு எதுவும் இல்லாதபடியால், துரத்தப்படும் குட்டி அதை விளையாட்டென்றே கொள்கிறது, அலுத்ததும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. பசி தாங்காது அதைத் தின்ன நெருங்கிய தாயும் நாயின் மணம் உறைத்து விலகிவிடுகிறது. கதையில் இரத்தம் இல்லை. செக்கோவ் ஓநாயை நல்லதாக்கவில்லை. அது ஆட்டைத் திருடவே மறுநாளும் வருகிறது. கூரையை அது பிறாண்டும் வேளையில் குட்டி மகிழ்ச்சியால் குரைத்து ஊரைக் கூட்ட, இக்னாத் என்ற கிழக் காவலாளி துப்பாக்கியை வெடிக்கிறான், ஓநாய் வெறும் வயிற்றோடு ஓடிவிடுகிறது. கூரையில் துளையிட்டது நாய்க்குட்டிதான் என்று இக்னாத் முடிவு செய்கிறான். விடிந்ததும் அதைப் பிடித்து, வாசல் வழியாக வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லி அடிக்கிறான்.